விலை குறைந்த குரோனோகிராஃப், விலை உயர்ந்த குரோனோகிராஃப்: கட்டிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து:

குரோனோகிராஃப், அதாவது பட்டனை அழுத்தி விநாடிகளை அளக்கும் வசதி உள்ள கைக்கடிகாரம், வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். இருபது முப்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதும் விநாடியை அளக்கிறது, ஆறு லட்சத்தைத் தாண்டுவதும் விநாடியை அளக்கிறது. அப்படியானால் மீதிப் பணம் எங்கே போகிறது? இதற்குக் கடைகளில் சொல்லப்படும் பதில்கள் எனக்கு நிறைவு தரவில்லை. ஆகவே இரண்டு வகையையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் நான் கண்டதை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்த்தால், அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

என்னிடம் இருப்பது சீனாவின் தியான்ஜினில் உருவான இயந்திரத்தைக் கொண்ட சீகல் 1963. துபாயில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் வைத்திருப்பது, 2021-இல் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். அண்ணன் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது இருவரும் வாட்சை மாற்றிக் கட்டிக்கொண்டோம். இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டுமே கையால் சாவி கொடுக்க வேண்டியவை. இரண்டின் துடிப்பும் மணிக்கு 21,600, அதாவது விநாடிக்கு ஆறு. ஆகவே எவ்வளவு பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும், நடுவில் இருக்கும் குரோனோகிராஃப் முள் விநாடியில் ஆறில் ஒரு பங்கைவிட நுண்ணியதாக எதையும் காட்ட முடியாது.

இதைவிட வியப்பானது உள்ளே இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் ஓடு, நில், பழைய இடத்துக்குத் திரும்பு என்ற மூன்று கட்டளைகளையும் முறைப்படுத்தி அனுப்பும் உறுப்பு இருவகைப்படும். நெட்டையான பற்கள் நிற்கும் தூண் சக்கரம் ஒருவகை. தகட்டில் வளைவாக வெட்டி எடுத்த கேம் மற்றொன்று. தூண் சக்கரம் செய்வதற்குக் கடினமானது. அதுவே உயர்தரத்தின் அடையாளம் என்று விளம்பரங்கள் சொல்லும். ஆனால் என் மலிவான சீகலுக்குள் தூண் சக்கரம் இருக்கிறது. அண்ணனின் ஸ்பீட்மாஸ்டருக்குள் இருப்பது கேம்தான். ஒமேகா 1968-இலேயே தூண் சக்கரம் கொண்ட 321 என்ற இயந்திரத்தை விட்டுவிட்டு, கேம் கொண்ட 861-க்கு மாறியது. இன்றைய 3861 வரை அந்த வழியே தொடர்கிறது. ஆகவே எந்த உறுப்பு உள்ளே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் பார்த்து விலையை நியாயப்படுத்த முடியாது என்பது எனக்கு அன்றே தெளிவாயிற்று.

வேறுபாடு விரல் நுனியில் தெரிந்தது. சீகலின் மேல் பட்டனை அழுத்தினால் முதலில் சற்று வெற்றாக உள்ளே போகிறது; பிறகுதான் பிடிமானம் கிடைக்கிறது. பட்டனைப் பக்கவாட்டில் அசைத்தால் மெல்லிய ஆட்டம் இருக்கிறது. ஸ்பீட்மாஸ்டரின் பட்டனுக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். ஆனால் எந்த நொடியில் அது இயங்கும் என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றேபோல் இருக்கிறது, நன்றாகப் பொருந்திய தேக்குக் கதவின் தாழ்ப்பாள் விழுவதைப்போல. முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்பும் கீழ்ப்பட்டனை அழுத்தும்போது அண்ணனின் முள் அறுபதின் கோட்டின்மேல் மிகச் சரியாக வந்து நிற்கிறது. என் முள் கோட்டுக்கு வலப்புறம் மயிரிழை தள்ளி நிற்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாலும், ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

ஸ்பீட்மாஸ்டரின் டயல் விளிம்பில் ஒவ்வொரு விநாடியும் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முந்தைய மாடல்களில் ஐந்தாகப் பிரித்திருந்தார்கள். விநாடிக்கு ஆறு துடிப்புள்ள இயந்திரத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது என்று பின்னர் திருத்தியிருக்கிறார்கள். அதன் ஹெசலைட் என்ற பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்ட நடுவே, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும் அளவில், ஒமேகாவின் சின்னம் பதிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய நுணுக்கங்களுக்கு யாரோ ஒருவர் நேரம் செலவிட்டிருக்கிறார், அந்த நேரத்துக்கும் நாம் பணம் கொடுக்கிறோம். அது வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை.

விலையில் ஒரு பங்கு வரலாற்றுக்கும் போகிறது. 1965 மார்ச்சில் நாசா இந்த வாட்சை விண்வெளிப் பயணங்களுக்குத் தகுதியானது என ஏற்றது. 1970-இல் அப்பல்லோ 13 பழுதுபட்டுத் திரும்பியபோது, 14 விநாடி எஞ்சின் இயக்கத்தை ஸ்பீட்மாஸ்டரைக் கொண்டே அளந்தார்கள். அந்த வரலாற்றையும் உருவத்தையும் மட்டும் தனியே பிரித்தால் எவ்வளவு பெறும் என்பதற்கு 2022 மார்ச்சில் ஒரு விடை கிடைத்தது. ஸ்வாட்ச் நிறுவனம் ஒமேகாவோடு சேர்ந்து அதே தோற்றத்தில், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் இயந்திரம் பொருத்தி, சுவிட்சர்லாந்தில் 250 ஃபிராங்குக்கு மூன்ஸ்வாட்சை வெளியிட்டது. உலகெங்கும் கடை வாசல்களில் கூட்டம் நின்றது.

திருநெல்வேலியிலிருந்து, உடற்கல்வி ஆசிரியர்:

குரோனோகிராஃபை நாள்தோறும் உண்மையாகவே பயன்படுத்துகிறவன் என்ற முறையில் சிறிதளவு சேர்க்கிறேன். என்னுடையது செய்கோவின் விகே வகை இயந்திரம் கொண்ட ஒரு வாட்ச். இதை மெக்காகுவார்ட்ஸ் என்பார்கள். நேரம் காட்டும் வேலையைப் பேட்டரியும் குவார்ட்ஸும் பார்த்துக்கொள்கின்றன. குரோனோகிராஃப் முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்பும் வேலையை மட்டும் நெம்புகோலும் சுத்தியலும் செய்கின்றன. சாதாரண குவார்ட்ஸ் குரோனோகிராஃபில் கீழ்ப்பட்டனை அழுத்தினால் முள் மோட்டாரின் வேகத்தில் சுற்றிக்கொண்டு திரும்பும். பேட்டரி மாற்றிய பிறகு பன்னிரண்டில் நிற்காமல் போவதும் உண்டு, அப்போது பக்கவாட்டுத் திருகான கிரௌனை இழுத்துவைத்துப் பட்டனால் ஒவ்வொரு படியாகத் திருத்த வேண்டும். மெக்காகுவார்ட்ஸில் முள் கண்ணிமைப்பதற்குள் பன்னிரண்டுக்குத் தாவிவிடும்.

மாதத்துக்கு இருபது விநாடிக்குள் பிழை. விலையுயர்ந்த எந்திர வாட்சுகளில் கடுமையான சோதனையில் தேறியவை என்று சொல்லப்படுபவைகூட நாளொன்றுக்கு ஐந்து விநாடி வரை முந்தலாம். நேரத்தின் துல்லியம் மட்டுமே வேண்டும் என்பவருக்கு ஒப்பீடு இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. மாணவர்களுக்கு டாக்கிமீட்டர் என்ற, வேகத்தைக் காட்டும் அளவுகோலைக் கற்றுக்கொடுக்கவும் இதையே காட்டுகிறேன்: ஒரு கிலோமீட்டரைக் கடக்க முப்பது விநாடி ஆனால் முள் மணிக்கு 120 கிலோமீட்டர் என்று காட்டும், 3,600-ஐ முப்பதால் வகுத்ததுதான் அது. இந்த அளவுகோல் பத்தாயிரம் ரூபாய் வாட்சிலும் ஒன்றுதான், பத்து லட்சம் ரூபாய் வாட்சிலும் ஒன்றுதான்.

நாகப்பட்டினத்திலிருந்து:

மலிவு, ஆடம்பரம் என்ற பிரிவு எல்லாக் காலத்திலும் இப்படியே இருந்ததில்லை என்பதற்கு என் அப்பாவின் வாட்ச் ஒரு சான்று. அவர் குவைத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தது செய்கோ 6139. கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் தானியங்கிக் குரோனோகிராஃப் உலகில் முதன்முதலாக வந்த ஆண்டு 1969. சுவிட்சர்லாந்தில் செனித் தன் எல் பிரிமேரோவை ஜனவரியில் அறிவித்தது. ஹோயர், பிரைட்லிங் முதலிய நிறுவனங்களின் கூட்டணி மார்ச்சில் தன்னுடையதை அறிவித்தது. செய்கோ அதே ஆண்டில் 6139-ஐ ஜப்பானில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. அதற்குள் தூண் சக்கரமும் இருந்தது, செங்குத்துக் கிளட்சும் இருந்தது. பல்லோடு பல் பொருந்தி ஓடத் தொடங்கும் பழைய முறையில், பட்டனை அழுத்தியதும் முள் சில வேளை வெடுக்கென்று துள்ளும். செங்குத்துக் கிளட்சில் ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டு படிந்து இயங்குவதால் அந்தத் துள்ளல் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்த இயந்திரம் ரோலெக்ஸ் டேடோனாவுக்கு 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. வளைகுடா நாடுகளில் உழைத்தவர்கள் தங்கள் சம்பளத்தில் வாங்க முடிந்த ஒரு வாட்ச் அந்த வசதியை முப்பது ஆண்டுகள் முன்பே கொடுத்துவிட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேபுக்கு 1973-இல் புறப்பட்ட ஸ்கைலேப் 4 பயணத்தில் விண்வெளி வீரர் வில்லியம் போக் அணிந்திருந்ததும் 6139-தான்.

ஆனால் ஒரு வருத்தமும் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு கடையில் சர்வீசுக்குக் கொடுத்தபோது, கேட்காமலேயே டயலுக்குப் புதுச் சாயம் பூசித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எழுத்துகள் தடித்துவிட்டன, பழைய மஞ்சள் நிறம் போய்விட்டது. இணையத்தில் பழைய செய்கோ வாங்குகிறவர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்று அஞ்சும் பொருள் இத்தகையதுதான். எந்த மாடலிலும் இல்லாத நிறத்தில் பளபளக்கும் டயலும், உயரமாகப் பூசிய எழுத்தும், பாலிஷ் போட்டுப் போட்டு விளிம்பு மழுங்கிய கூடும் தென்பட்டால் விலகிவிடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, வாட்ச் பழுதுபார்ப்பவர்:

மேலே எழுதிய நண்பர்கள் வெளியிலிருந்து பார்த்ததை நான் பின்மூடியைத் திறந்து பார்க்கிறவன். சீகலுக்குள் இருக்கும் எஸ்டி19 இயந்திரத்தின் மூலம், வீனஸ் 175 என்ற சுவிஸ் வடிவமைப்பு. 1960களின் தொடக்கத்தில் அதன் உற்பத்திக் கருவிகளைத் தியான்ஜின் தொழிற்சாலை விலைக்கு வாங்கி, சீன விமானப்படைக்கான வாட்சை உருவாக்கியது. ஆகவே வரைபடம் மட்டமானதல்ல. அக்காலத்தின் நல்ல வரைபடம் அது. குறை வருவது வேலைப்பாட்டில். நெம்புகோல்களின் அடிப்பக்கத்தில் அரம் படாத முனைகள், எண்ணெய் ஓரிடத்தில் வழிந்தும் இன்னோரிடத்தில் வறண்டும் இருப்பது, ஒரே மாடலில் இரண்டு வாட்சுகள் இரு வேறு குணத்தோடு இருப்பது ஆகியவை நான் திரும்பத் திரும்பக் காண்பவை. நன்றாக அமைந்துவிட்ட எஸ்டி19, சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் மிகக் கண்ணியமாக ஓடும். விலையுயர்ந்த வாட்சில் நீங்கள் வாங்குவது முக்கியமாக இந்த உறுதியைத்தான்: எதை எடுத்தாலும் அது நன்றாக அமைந்ததாகவே இருக்கும்.

விலை உயர்ந்ததில் எல்லாமே பொன்னும் எஃகும் என்று எண்ண வேண்டாம். 1970களின் நடுவிலிருந்து ஒமேகா 861-லும், அதற்குப் பின் வந்த 1861-லும் குரோனோகிராஃப் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பலர் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அது வழுக்கலாக இயங்குகிறது, தேய்மானம் குறைவு, எண்ணெய் வேண்டாம். நான் அதைக் குறையாகக் கருதியதே இல்லை. நடுத்தர விலையிலிருந்து மிக உயர்ந்த விலை வரை பல வாட்சுகளில் ஒளிந்திருக்கும் வால்ஷூ 7750-உம் கேம் இயந்திரம்தான். 1970களில் வந்தது, இன்றும் தயாராகிறது. கை அசைவில் சுழலும் அதன் சுழல்தட்டு ஒரு திசையில் மட்டுமே சாவி ஏற்றுவதால், மறு திசையில் தடையின்றிச் சுழன்று மணிக்கட்டில் ஓர் அதிர்வைத் தரும். பட்டன் கடினம்தான், ஆனால் அடிபட்டு வந்த வாட்சையும் ஓட வைத்துவிடலாம், ஏனெனில் உதிரிப்பாகமும் கிடைக்கும், அதைப் படித்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் கேட்க மறப்பது இந்தச் சர்வீஸ் கணக்கைத்தான். மெக்காகுவார்ட்ஸ் கெட்டுப்போனால் இயந்திரத்தையே மாற்றிவிடலாம், சில ஆயிரங்களில் முடியும். எஸ்டி19-ஐ முறையாகப் பிரித்துச் சேர்க்க ஆகும் கூலி வாட்சின் விலையை நெருங்கிவிடும். அதனால் பலர் செய்வதில்லை, ஓடும் வரை ஓட்டுகிறார்கள். ஆடம்பர வாட்சை ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திறக்க வேண்டும். பல சுவிஸ் நிறுவனங்கள் வெளியில் இருக்கும் எங்களுக்கு உதிரிப்பாகம் தருவதில்லை. ஆகவே நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அந்தக் கட்டணத்தில் இன்னொரு நல்ல வாட்சே வாங்கலாம். இது என் தொழிலைப் பாதிப்பதால் மட்டும் சொல்லவில்லை. பணம் கொடுத்து வாங்கிய பொருளை யாரிடம் திறக்கச் சொல்வது என்ற உரிமை உரியவரிடமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையிலிருந்து (மீண்டும்):

கோயம்புத்தூர் நண்பருக்கு நன்றி. பயன்படுத்தப்பட்ட 7750 வாட்ச் ஒன்றை வாங்கும் எண்ணம் எனக்கு இருக்கிறது. கடையில் பின்மூடியைத் திறக்க விடமாட்டார்கள். வெளியிலிருந்தே எதைச் சோதிப்பது என்று சொல்ல முடியுமா?

கோயம்புத்தூரிலிருந்து:

தாராளமாக. குரோனோகிராஃபை ஓடவிட்டு அரைமணி நேரம் கடையிலேயே உட்காருங்கள். நிமிடக் கணக்கு முள் அறுபதாவது விநாடியை ஒட்டித் தாவ வேண்டும். பாதி வழியில் தயங்கினால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. ஓடும்போது வாட்ச் நின்றுவிட்டால் இயந்திரத்தில் பலம் குறைந்துவிட்டது, சர்வீஸ் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வெவ்வேறு இடங்களில் நிறுத்தி, பலமுறை பழைய இடத்துக்குத் திருப்பிப் பாருங்கள். முள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், அது சற்றுத் தள்ளி நின்றாலும் முள்ளைக் கழற்றிப் பொருத்திச் சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் வாங்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப்பட்டனை மட்டும் அழுத்திச் சோதிக்காதீர்கள், ஓட்டத்திலேயே முள் திரும்பி மீண்டும் ஓடத் தொடங்கும் ஃபிளைபேக் வகையைத் தவிர மற்றவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கடைசியாகச் சர்வீஸ் செய்த ரசீதைக் கேளுங்கள். அது இருந்தால் அதில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.