கழிவறை அடைப்பை எடுத்த பையனை மைக்கில் பெயர் சொல்லிப் பாராட்டிய காலை

விசாகவாசி:

15 வருஷம் நேவியில் இருந்துவிட்டு பெட்டி ஆபீசராக (மாலுமிகளில் நடுத்தரப் பதவி) வெளியே வந்தவன் நான். பாதிக்கு மேல் விசாகப்பட்டினத்தில்தான் ஓடியது. ஊரில் நேவி என்றதும் பீரங்கி, ஏவுகணை, வெள்ளை யூனிஃபார்ம் இவ்வளவுதான் கேட்கிறார்கள். கப்பலில் சின்னப் பையன்களின் நாள் எதில் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. சிப்பிங் சுத்தியலால் துருவைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே சாம்பல் பெயின்ட் அடித்து நிமிர்வதற்குள் முதலில் தட்டின இடத்தில் மறுபடி துரு பூத்திருக்கும். உப்புக்காற்று யாரையும் விடாது.

இந்த மாதிரிப் பையன்களைப் பற்றி, அவர்களை யாராவது பாராட்டிப் பார்த்திருந்தால் அதைப் பற்றி, இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது. கப்பல் பெயர் வேண்டாம்.

கிளம்பி மூன்றாம் நாள், வங்காள விரிகுடா நன்றாகவே ஆட்டிக்கொண்டிருந்தது. மாலுமிகள் தங்கிச் சாப்பிடுகிற முன்பக்க மெஸ்ஸின் கழிவறை அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே ஏறிவிட்டது. அறுபது பேர் போகிற இடம். இரண்டு நாள் அப்படியே கிடந்தால் வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும், வாட்ச் (முறைப்படியான காவல் வேலை) நிற்க ஆள் இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹைஜினிஸ்ட், அதாவது கழிவறை சுத்தம் செய்கிற பையனை எழுப்பினோம். முன்பு இந்த வேலைக்கு டோபாஸ் என்று பெயர், பெயர் மாறியதே தவிர வேலை மாறவில்லை. ராமநாதபுரம் பக்கத்துப் பையன், இருபது வயது, அவனே அன்று முழுக்க வாந்தி எடுத்துக் கிடந்தவன். கப்பலில் பழுது பார்க்கிற ஷிப்ரைட் குழாயின் மூட்டைக் கழற்றிக் கொடுக்க, இவன் தோள் வரை கையை உள்ளே விட்டான். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். கப்பல் ஒவ்வொரு தடவை சாயும்போதும் அந்த அழுக்குத் தண்ணீர் அவன் முகத்தில் தெறிக்கும், வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புவான், கையை மட்டும் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பிடி காட்டன் வேஸ்ட் வந்தது. எண்ணெய் துடைக்கிற நூல் கழிவை யாரோ உள்ளே போட்டிருக்கிறார்கள். அவன் யாரையும் திட்டவில்லை. கழுவிவிட்டுப் படுக்கப் போனான்.

அன்று சாயங்காலம் எக்ஸ்.ஓ., அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வடநாட்டுக்காரர், கண்டிப்பானவர், நான் ஏதோ தப்பு என்று நினைத்துத்தான் போனேன். அவர் கேட்டது, "அந்தப் பையன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?" பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதுவரை கப்பலில் அதை யாரும் ஒழுங்காகச் சொன்னது கிடையாது, அவனும் திருத்துவதை விட்டுவிட்டான். நான் சொல்லச் சொல்ல அவர் இந்தியில் எழுதினார், ழகரம் வருகிற இடத்தில் எழுத்துக்குப் பதிலாக ஒரு கோடு போட்டுக்கொண்டார். நாக்கை எங்கே மடிப்பது என்று கேட்டு நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் காலை மெயின் பிராட்காஸ்டில், கப்பல் முழுக்கக் கேட்கிற ஒலிபெருக்கியில், அவர் குரல் வந்தது. பையனின் பெயர், எந்த மெஸ், எத்தனை மணிக்கு என்ன செய்தான் என்பதை ஒன்றும் பூசி மெழுகாமல் அப்படியே சொன்னார். கடைசியில் 'பிராவோ ஜூலு' என்றார். கடற்படைகளில் 'நன்று செய்தாய்' என்பதற்கான கொடிக் குறி அது, சாதாரணமாக ஒரு கப்பல் இன்னொரு கப்பலுக்குச் சொல்வது. பையன் அப்போது வாளியோடு நடைபாதையில் வந்துகொண்டிருந்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டான். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணே, ழ வந்துச்சுண்ணே!" என்றான்.

கேலிக்காரன்:

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது அண்ணா. நான் சமையல் பிரிவு, 'கேலி' என்றால் கப்பல் அடுப்படி, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடல் ஆடும்போது அடுப்பின் மேல் கம்பி கட்டி டேக்சாவை நிறுத்த வேண்டும், சாம்பாரைப் பாதிக்கு மேல் ஊற்ற முடியாது, அதனால் இரண்டு மடங்கு தடவை காய்ச்ச வேண்டும். காலை நான்கு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுகிறவனும், இருநூற்றைம்பது பேர் சாப்பிட்ட பிறகு டேக்சாவுக்குள் தலையை விட்டுத் தேய்க்கிறவனும் வயதில் சின்னவர்கள்தான்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, இன்னும் ஆறவில்லை. ஒரு பெரிய பயிற்சி முடிந்து பாராட்டுப் பட்டியல் வந்தது. கன்னரி (பீரங்கிப் பிரிவு), ரேடார், ஹெலிகாப்டர் ஆட்கள் எல்லோர் பெயரும் இருந்தது. அவர்கள் தகுதியானவர்கள், அதில் எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் பதினெட்டு நாளில் ஒரு வேளைகூடச் சாப்பாடு தள்ளிப் போகாமல் பார்த்துக்கொண்ட அடுப்படியிலிருந்து ஒரு பெயர் இல்லை. என்கீழ் இருந்த பையன் நோட்டீஸ் போர்டில் மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துத் தேடினான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன், என்ன சொல்வது என்று தெரியவில்லை. அன்றைக்கே போய்க் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

பில்ஜ்:

இன்ஜின் ரூம் ஆள். சுருக்கமாக எழுதுகிறேன். கப்பலின் அடிவயிற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து தேங்குகிற இடம் பில்ஜ். அதைத் துடைக்காமல் விட்டால், தேங்கின எண்ணெயில் பொறி பட்டுத் தீப்பிடிக்கும். முதுகை நிமிர்த்த முடியாத இடத்தில் வாளியும் துணியுமாகக் குப்புறப் படுத்து எடுப்பது புதுசாக வந்த பையன்கள். எங்கள் இன்ஜினியர் ஆபீசர் ஒருவர் பாய்லர் சூட் மாட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் எங்களோடு படுத்துத் துடைத்தார். ஒரு வார்த்தை பாராட்டிப் பேசவில்லை. அவருக்காக நாங்கள் எதையும் செய்திருப்போம்.

நூலகத்தான்:

நான் நேவி இல்லை, ஆனால் விசாகவாசி சொன்ன பெயர் விஷயம் எனக்கு டோரிஸ் மில்லரை ஞாபகப்படுத்தியது. அமெரிக்க நேவியில் மெஸ் அட்டெண்டன்ட். கறுப்பினத்தவருக்குப் பெரும்பாலும் அந்தப் பரிமாறுகிற, துவைக்கிற வேலைதான் கொடுத்தார்கள். 1941 டிசம்பர் 7, ஜப்பான் தாக்கிய அன்று, பேர்ல் ஹார்பரில் வெஸ்ட் வர்ஜீனியா கப்பலில் அவர் அழுக்குத் துணி சேகரித்துக்கொண்டிருந்தபோது அபாய மணி அடித்தது. காயம்பட்ட கேப்டனைத் தூக்க உதவினார், பயிற்சியே இல்லாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். 1942 ஜனவரி 1 அன்று நேவி வெளியிட்ட பாராட்டுப் பட்டியலில் பெயரே போடாமல் 'ஒரு நீக்ரோ' என்று மட்டும் இருந்தது. பெயர் வெளியே வரவே மார்ச் ஆனது, அதுவும் கறுப்பினப் பத்திரிகைகள் விடாமல் கேட்ட பிறகு. மே 27 அன்று அட்மிரல் நிமிட்ஸ் அவர் சட்டையில் நேவி கிராஸ் என்ற வீரப் பதக்கத்தைக் குத்தினார். 1943 நவம்பரில் வேறொரு கப்பல் மூழ்கியபோது இறந்துபோனார். ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு அவர் பெயரை வைக்கப்போவதாக 2020-ல் அறிவித்தார்கள்.

விசாகவாசி:

அருமையாகச் சொன்னீர்கள். நம் பக்கமும் அதே கதைதான். 1946 பிப்ரவரி 18, பம்பாயில் ஆங்கிலேயர் காலக் கடற்படையின் தல்வார் பயிற்சித் தளத்தில் இந்திய மாலுமிகள் சாப்பிட மறுத்து எழுந்தார்கள். மோசமான சாப்பாடு ஒரு காரணம், தலைமை அதிகாரி அவர்களைக் கூப்பிட்ட வசைச்சொற்கள் இன்னொரு காரணம். சில நாளில் 78 கப்பல்களுக்குப் பரவியது. அதனால் கேலிக்காரன் தம்பி, உங்கள் ஆதங்கத்தை யாரும் சின்னது என்று சொல்ல முடியாது. அந்தப் பையன் நம்பர் இருந்தால் இப்போதாவது போன் போட்டுச் சொல்லுங்கள்.

கோவில்பட்டி அம்மா:

என் மகன் அக்னிவீரில் சேர்ந்து ஒடிசாவில் இருக்கிற சில்காவில் பயிற்சி முடித்து இப்போது கப்பலில் இருக்கிறான், ஹைஜினிஸ்ட். ஊரில் கேட்டால் நேவி என்று மட்டும் சொல்வோம், என்ன வேலை என்று சொல்வதில்லை. அவனும் போனில் "நல்லா இருக்கேன்மா, சாப்டேன்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வான். இதையெல்லாம் படித்த பிறகு மனசு என்னவோ செய்கிறது. நான் என்ன கேட்கலாம் அவனிடம்?

விசாகவாசி:

இன்றைக்கு எதைக் கழுவினாய், எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள் அக்கா. கூடவே எந்த மெஸ், எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

கேலிக்காரன்:

அண்ணா, பையன் நம்பர் கிடைத்தது. கல்யாணமாகி சேலத்தில் இருக்கிறானாம். நாளைக்குப் பேசுகிறேன்.

கோவில்பட்டி அம்மா:

நேற்று போன் வந்தது, கேட்டேன். முதலில் "ஏம்மா?" என்றான். அப்புறம் குழாய் எப்படி அடைக்கும், உப்புத்தண்ணீரில் எது பாசி பிடிக்கும், பித்தளையைத் தேய்த்தால் எத்தனை நாள் மின்னும் என்று சொல்லிக்கொண்டே போனான். இவ்வளவு பேசுவான் என்று எனக்குத் தெரியாது. இருபது நிமிஷம் இருக்கும், அவன் போனில் சார்ஜ் தீர்ந்துதான் கட் ஆனது.