வெற்று மாத்திரைன்னு சொல்லிக் கொடுத்தாலும் குணம் தெரியுமா?

பார்மசி_பெஞ்ச்:
பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, வேலை செய்யணும்னா நோயாளிக்கு விஷயம் தெரியவே கூடாதுன்னுதான் படிச்சிருக்கோம். ஆனா 2010-ல் ஹார்வர்டில் டெட் கேப்சக் குழு, ஐபிஎஸ் (IBS, அடிக்கடி வயிற்று வலியும் மலப் போக்கில் கோளாறும் தரும் குடல் நோய்) நோயாளிகள்கிட்ட உண்மையைச் சொல்லியே கொடுத்திருக்காங்க. சரியா என்ன சொன்னாங்க? அந்தப் பலன்ல எவ்வளவு தானாகவே சரியானது?

வயிறும்_மனசும்:
80 பேர், மூன்று வாரம். பாதிப் பேருக்குத் தினம் இரண்டு வேளை மாத்திரை. மீதிப் பேருக்கு மாத்திரையே இல்லை; ஆனால் டாக்டரோடு பேசும் நேரம் இரு பக்கமும் ஒன்றுதான். குப்பியின் மேலேயே 'பிளாசிபோ' என்று அச்சிட்டிருந்தது. சொன்னது நான்கு விஷயம்: பிளாசிபோவுக்கு வலு உண்டு, மணிச் சத்தத்துக்கு நாய்க்கு எச்சில் ஊறிய மாதிரி உடம்பு தானாக எதிர்வினை காட்டலாம், நம்பிக்கை இருந்தால் நல்லது ஆனால் கட்டாயமில்லை, வேளை தவறாமல் போட வேண்டும்.

கடைசியில் போதுமான நிவாரணம் என்றவர்கள் மாத்திரைப் பிரிவில் 59%, மற்றதில் 35%. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அந்த 35-ல் இருக்கிறது. ஐபிஎஸ் ஏறி இறங்கும் நோய். ரொம்ப முடியாத நேரத்தில்தான் ஆட்கள் ஆய்வுக்கு வருவார்கள், அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் தணியும். எதுவும் கொடுக்காத பிரிவு இல்லாத ஆய்வில் இந்தத் தணிவு முழுவதும் பிளாசிபோ கணக்கில் ஏறிவிடும். பிளாசிபோவின் வலுவைப் பற்றி 1955-ல் பீச்சர் எழுதிய பிரபலமான கட்டுரையின் மேல் பின்னாளில் வந்த முக்கியக் குறையே அதுதான்.

இதிலும் ஓட்டை உண்டு. மனம்–உடல் சிகிச்சை என்று விளம்பரம் கொடுத்துத்தான் ஆள் சேர்த்தார்கள். அதில் ஆர்வம் உள்ளவர்கள்தானே வந்திருப்பார்கள்?

ஸ்பைரோமீட்டர்:
மேலே சொன்ன பலன் எல்லாமே நோயாளி வாயால் சொன்னது. கருவியில் அளந்தால் கதை வேறு. 2011-ல் வெக்ஸ்லர் குழுவின் ஆஸ்துமா ஆய்வைப் பாருங்க: மூச்சுக்குழலை விரிக்கும் நிஜ சால்பியூட்டமால் மருந்து உள்ள இன்ஹேலர், வெற்று இன்ஹேலர், போலி அக்குபஞ்சர், சும்மா காத்திருப்பது. ஒரே ஆளுக்கு நான்கும் மாறி மாறி. முதல் நொடியில் ஊதும் காற்றின் அளவு நிஜ மருந்தில் சுமார் 20% கூடியது. மற்ற மூன்றிலும் சுமார் 7% தான். ஆனால் "எவ்வளவு தேவலை?" என்று கேட்டால் முதல் மூன்றுக்கும் 50, 45, 46%, காத்திருந்ததற்கு மட்டும் 21%.

மூச்சுக்குழல் சுருங்கியே இருக்கும், ஆளுக்கோ லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். ஆஸ்துமாவில் இது ஆபத்து. இழுப்பு கூடுவது தெரியாமல் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருவார்கள்.

பார்மசி_பெஞ்ச்:
அப்போ வலி விஷயத்திலும் வெறும் எண்ணம்தானா?

வயிறும்_மனசும்:
இல்லை. 1978-ல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் பார்த்தார்கள். பிளாசிபோவில் வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் ஏற்றியதும் வலி திரும்பக் கூடியது. ஓபியாய்டு (மார்பின் வகை வலி மருந்து) வேலை செய்யும் இடத்தை அடைக்கிற மருந்து அது. உடம்பே அதே மாதிரி வலி தணிக்கும் எண்டார்பினைச் சுரந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எல்லா வலித் தணிவும் அந்த வழியில் வருவதில்லை. ஓபியாய்டு அல்லாத வலி மருந்தான கீட்டோரோலாக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு பிளாசிபோ கொடுத்தால் அதை நலாக்சோன் தடுப்பதில்லை.

ஸ்பைரோமீட்டர்:
எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது வெற்று மாத்திரையே தொந்தரவு தருவதற்கு, 2020-ல் வந்த சாம்சன் ஆய்வு. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை (கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்து) விட்ட 60 பேர். நான்கு மாதம் ஸ்டாட்டின் வகையான அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் காலிக் குப்பி, வரிசை மாற்றி. தினமும் போனில் தொந்தரவுக்கு மதிப்பெண். சராசரி: காலிக் குப்பி 8.0, வெற்று மாத்திரை 15.4, ஸ்டாட்டின் 16.3. தொந்தரவு நிஜம்தான், பெரும்பகுதி மாத்திரை போடுவதால் வந்தது, உள்ளிருக்கும் மருந்தால் அல்ல. அவரவர் கணக்கைக் காட்டியதும் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் தொடங்கினார்கள்.