போர்க்காலப் பிரிட்டனின் பங்கீடு ஏழைக்கும் செல்வந்தருக்கும் உண்மையிலேயே ஒன்றாக இருந்ததா?

தேடுபவன் கேட்டது:

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் மக்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். 1940 ஜனவரி 8 அன்று உப்பிட்ட பன்றியிறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றில் தொடங்கிய உணவுப் பங்கீடு (ரேஷன்), பின்னர் இறைச்சி, தேயிலை, பாலாடைக்கட்டி என்று விரிந்தது. அரச குடும்பத்தினருக்கும் பங்கீட்டுப் புத்தகம் வழங்கப்பட்டது என்பதைச் சுட்டிக்காட்டி, அக்காலத்தில் நாடே ஒரே பந்தியில் அமர்ந்து உண்டது போலப் பலர் எழுதுகிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? இன்னோர் ஐயமும் உண்டு. போர் நடந்த ஆண்டுகளில் கட்டுப்பாடின்றிக் கிடைத்த ரொட்டி, போர் முடிந்தபின் பங்கீட்டுக்குள் வந்தது ஏன்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

போருக்கு முந்தைய பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கடல்வழியாகவே இறக்குமதி செய்து வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய நிலையில், விலையைச் சந்தையின் போக்குக்கு விட்டிருந்தால் ஏழைகளின் தட்டுதான் முதலில் காலியாகியிருக்கும். அதனால் அரசு அளவை மட்டும் கட்டுப்படுத்தாமல், விலைக்கு உச்சவரம்பு விதித்து, மானியமும் கொடுத்தது. ஒவ்வொரு குடும்பமும் குறிப்பிட்ட கடைகளில் பதிவு செய்துகொள்ள வேண்டும்; அப்பதிவுகளின் எண்ணிக்கையைப் பார்த்தே கடைக்காரருக்குச் சரக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே, பங்கீட்டுப் பொருளைப் பொறுத்தவரை, புத்தகத்தில் எழுதியிருந்த அளவு பெரும்பாலும் கைக்கு வந்து சேர்ந்தது. கூப்பன் இருந்தும் கடையில் சரக்கில்லை என்ற நிலை அரிதாக இருந்ததே இத்திட்டத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை ஏற்பட முதற்காரணம் என்பது என் கருத்து.

வாரத்துக்கு 2 அவுன்ஸ் (ஏறத்தாழ 57 கிராம்) தேயிலை என்பது வசதியாக வாழ்ந்தவருக்குப் பெரிய குறை. ஆனால் 1930களில் ஏழைக் குடும்பங்கள் என்ன உண்டன என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முழு நலத்துக்குத் தேவையான உணவு கிடைக்கவில்லை என்று ஊட்டச்சத்து அறிஞர் ஜான் பாய்ட் ஓர் (John Boyd Orr) 1936இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அத்தகைய குடும்பத்தில் கருவுற்றிருந்த பெண்ணுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் 1940 முதல் நாளொன்றுக்கு ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) பால் மலிவு விலையில் கிடைத்தது. மிக வறியவர்க்கு அதுவும் இலவசம். அடுத்து மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் வந்தன. குண்டு விழுந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளின் முடிவில் சிசு மரண விகிதம் போருக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. பாலுக்கு மட்டுமே அந்தப் பெருமையைக் கொடுத்துவிட முடியாது; வேலையில்லாத் திண்டாட்டம் மறைந்து, வீட்டுக்கு ஒழுங்காகக் கூலி வந்ததற்கும் அதில் பங்குண்டு.

தறிக்காரர் எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்னவற்றை மறுக்கவில்லை; ஆயினும் அவர் தட்டை மட்டுமே பார்க்கிறார். உடுப்பைப் பார்த்தால் படம் மாறிவிடும்.

1941 ஜூன் 1 அன்று உடைப் பங்கீடு வந்தபோது ஆளுக்கு ஓராண்டுக்கு 66 கூப்பன்கள் தரப்பட்டன. மேற்கோட்டு, கையில்லா உள்கோட்டு, கால்சட்டை மூன்றும் சேர்ந்த ஆண்களின் சூட் ஒன்றுக்கே 26 கூப்பன்கள் போய்விடும். விலை உயர்ந்த கம்பளி மேலங்கிக்கும் மட்டமான மேலங்கிக்கும் ஒரே எண்ணிக்கைதான். நல்லது வாங்கப் பணம் உள்ளவருக்கு அது பல ஆண்டுகள் உழைக்கும். மட்டமானதை வாங்கியவரோ விரைவிலேயே மறுபடியும் கூப்பன் தேட வேண்டும். செல்வந்தரின் அலமாரி முன்பே நிறைந்திருந்தது என்பதும், கூப்பன் இருந்தும் துணி வாங்கப் பணமில்லாத ஏழைகள் சிலர் சட்டத்தை மீறி அக்கூப்பன்களையே விற்றார்கள் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. இதை அரசும் உணர்ந்தே, தரம் வரையறுத்து விலை கட்டுப்படுத்திய ‘யுடிலிட்டி’ உடைகளைக் கொண்டு வந்தது.

உணவு விடுதிகளில் உண்பதற்குக் கூப்பன் தேவைப்படவில்லை. வசதியுள்ளவர் வீட்டுப் பங்கைத் தொடாமலே வெளியில் சாப்பிடலாம். இதற்கு எதிர்ப்பு வலுத்தபின், 1942இல் ஒரு வேளை உணவுக்கு 5 ஷில்லிங் (கால் பவுண்டு) என்று உச்சவரம்பு விதித்தார்கள். ஆடம்பர விடுதிகளோ அதற்குமேல் வேறு பெயர்களில் கட்டணம் சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றன. மறுபுறம், எளியவர்களுக்காக உள்ளாட்சி அமைப்புகள் நடத்திய ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரண்ட்’ என்னும் மலிவு உணவகங்கள் 2,000க்கும் மேல் பெருகின.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏற்றத்தாழ்வு நேரத்தில் இருந்தது. மீன், பழம் போன்ற பங்கீட்டுக்கு வெளியே இருந்த பொருள்களுக்கு வரிசையில் நின்றாக வேண்டும். ஆயுத ஆலையில் நாள் முழுவதும் வேலை பார்த்த பெண், பணி முடிந்து கடைக்கு வரும்போது சரக்குத் தீர்ந்திருக்கும். பணியாளை அனுப்பி வரிசையில் நிற்க வைக்க முடிந்தவருக்கு அந்தக் கவலையில்லை.

தேடுபவன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேரத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ரொட்டியைப் பற்றியும் யாரேனும் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோதுமைமணி எழுதியது:

ரொட்டியும் உருளைக்கிழங்கும் போர்க்காலத்தில் பங்கீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டது திட்டமிட்ட செயல். பிரிட்டனில், நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளருக்கும் வேளாண் தொழிலாளருக்கும் கொடுத்த கூடுதல் பாலாடைக்கட்டி போன்ற சில விலக்குகளைத் தவிர, பெரியவர்கள் அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். உடலை வருத்தி உழைப்பவருக்கு அது போதாது. போதாத பசியை ரொட்டியால் நிரப்பிக்கொள்ளட்டும் என்பதே கணக்கு. அதற்காகத்தான் தவிட்டை அதிகம் நீக்காத மாவில் செய்த, சாம்பல் நிறமான ‘தேசிய ரொட்டி’ 1942இல் வந்தது. அதை மக்கள் வாங்கினார்களே தவிர விரும்பவில்லை.

போர் முடிந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. 1945 ஆகஸ்டில் போர்க்காலத்தில் உடனே பணம் கேட்காமல் பொருள்களைத் தந்துவந்த தன் கடன்-குத்தகை (Lend-Lease) உதவியை அமெரிக்கா நிறுத்தியதால் பிரிட்டனிடம் டாலர் தட்டுப்பாடு. உலகெங்கும் கோதுமைக்குப் பஞ்சம். ஜெர்மனியில் தன் ஆளுகைக்கு உட்பட்டிருந்த பகுதிக்கும் பிரிட்டனே உணவளிக்க வேண்டியிருந்தது. 1946 ஜூலையில் ரொட்டி பங்கீட்டுக்குள் வந்து, 1948 ஜூலை வரை நீடித்தது. தோற்ற நாட்டுக்குச் சோறு போட வென்ற நாட்டின் ரொட்டியைக் குறைப்பதா என்ற கோபத்தை, போர்க்காலக் குறைகள் எதுவும் இந்த அளவுக்குக் கிளப்பியதில்லை என்றே நினைக்கிறேன். இல்லத்தரசிகள் அமைப்பாகத் திரண்டு எதிர்த்தார்கள். இறைச்சியின் மீதிருந்த கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 1954 ஜூலையில்தான். போர் தொடங்கியபோது பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த பிள்ளைகள் அதற்குள் தம் பெயரிலேயே வீட்டுக்குக் கறி வாங்கும் வயதை எட்டியிருந்தார்கள்.