டவரில் சார்ஜ் போட வந்தவர்கள்: ஆப்பிரிக்கக் கிராமங்களில் சோலார் தொலைத்தொடர்பு, அனுபவப் பகிர்வு

பாலைக்காற்று:

நைஜீரியாவின் வடக்கே, ஜிகாவா மாநிலத்தில் 2 வருடம் டவர் பராமரிப்பு வேலை பார்த்தேன். டவர் என்றதும் நம் ஊர்ப் பக்கம் நிற்கும் நான்கு கால் இரும்புக் கோபுரத்தை நினைக்க வேண்டாம். ஒற்றைக் கம்பம், உச்சியில் ஆன்டெனா, அடியில் ஒரு பெட்டி, பக்கத்தில் சில சோலார் பலகைகள், வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு டிஷ். அவ்வளவுதான். மின்கம்பி அந்த ஊருக்கு வந்ததே இல்லை. டீசல் ஜெனரேட்டர் வைத்தால் டீசலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவே வருமானத்தைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு அந்த டீசலில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிவிடும். எப்படி ஆவியாகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய பெரிய நிலையங்கள் கிலோவாட் கணக்கில் மின்சாரம் கேட்கும். இந்தச் சின்னப் பெட்டிக்கு 100 வாட்டுக்குள் போதும். அதனால்தான் சோலாரில் கட்டுப்படியாகிறது.

ஒரு கிராமத்து டவர் தினமும் விடியற்காலை 4 மணிவாக்கில் படுத்துவிடும். காலை 9 மணிக்கு வெயில் ஏறியதும் தானாக எழுந்துகொள்ளும். அலுவலகத் திரையில் 'பேட்டரி மின்னழுத்தம் குறைவு' என்று மட்டும் வரும். டிசம்பர் மாதம், ஹார்மட்டான் காலம். சகாராவிலிருந்து தூசிக் காற்று வீசும்போது நண்பகல் சூரியன்கூடத் தேய்ந்த வெள்ளிக்காசு மாதிரி மங்கித் தெரியும். பலகைகளில் முகப்பவுடர் பூசியதுபோல் தூசி படிந்திருக்கும். எனவே தூசிதான் காரணம் என்று முடிவுகட்டிக்கொண்டே வண்டி ஏறினேன்.

போய்ப் பேட்டரிப் பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் பேட்டரிகள் நான்கை வரிசையாக இணைத்து 48 வோல்ட் எடுக்கும் அமைப்பு அது. மூன்று பேட்டரிகள் 12.4 காட்டின. நான்காவது 10.6. தூசியால் வெயில் குறைந்தது என்றால் நான்கும் சேர்ந்துதான் வாட வேண்டும். ஒன்று மட்டும் ஏன் சாகிறது?

அன்றிரவு அங்கேயே தங்கினேன். இரவுத் தொழுகை முடிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கையில் போனுடன். காவலரை அங்கே 'மைகாடி' என்பார்கள். அவர் பெட்டியைத் திறந்து, நான்காவது பேட்டரியிலிருந்து இரண்டு கம்பிகளை வெளியே இழுத்தார். கார்களில் சிகரெட் பற்றவைக்கும் துளை இருக்கிறதே, அப்படிப்பட்ட துளைகளைப் பலகையில் அடித்து ஒரு சார்ஜர் சட்டமே செய்து வைத்திருந்தார். சற்று நேரத்தில் 20 போன்கள் ஆலமரத்து வௌவால்கள் மாதிரி தொங்கின. ஒன்றுக்கு 5 வாட் என்றாலும் 100 வாட் ஆயிற்று. டவரே அவ்வளவு தின்னாது. அத்தனையும் ஒரே ஒரு பேட்டரியின் தலையில்.

நான் பார்த்துவிட்டதற்காக அவர் கூச்சப்படவில்லை. "மாலம் (ஐயா), பேசுவதற்கு டவர் கொடுத்தீர்கள். போனில் சார்ஜ் இல்லாமல் எதைக் கொண்டு பேசுவது?" என்றார். டவர் வருவதற்கு முன் வாரச் சந்தைக்குப் போகிறவரிடம் போன்களை மொத்தமாகக் கொடுத்து அனுப்புவார்களாம். பேர் எழுதிய காகிதத்தைப் போனில் ஒட்டி விடுவார்களாம். போன் திரும்பி வர 2 நாள்.

அறிக்கையில் 'மின்திருட்டு' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கழித்துப்போட்ட பலகைகள் இரண்டும், ஓரளவு உயிருள்ள பழைய பேட்டரி ஒன்றும் கிடங்கில் கிடந்தன. அடுத்த நடையில் கொண்டுபோய்க் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளித் தனியாக ஒரு சார்ஜ் பெட்டி அமைத்துக் கொடுத்தேன். அலுவலகத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அதன்பிறகு அந்த டவர் விடியற்காலையில் ஒரு நாளும் படுக்கவில்லை. இன்னொன்றும் நடந்தது. மைகாடி தினமும் காலையில் தன் பலகைகளைத் துணியால் துடைப்பார், அதே கையோடு எங்கள் பலகைகளையும் துடைத்துவிடுவார். அவற்றைத் துடைக்கச் சொல்லி நாங்கள் சுவரில் ஒட்டிய அறிவிப்பை வருடக்கணக்கில் யாரும் சீண்டியதில்லை.

வடக்கு நோக்கி:

தூசி என்று நீங்கள் நினைத்ததாவது நியாயமான தப்பு. நான் செய்தது படித்தவன் செய்யும் தப்பு.

ஜாம்பியாவின் தென்மாகாணம், சோமா ஊரிலிருந்து மாச்சா போகும் பக்கம். மாச்சாவைப் பற்றி இந்தத் துறையில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிஷன் மருத்துவமனையும் மலேரியா ஆய்வு நிலையமும் உள்ள கிராமம். கெர்ட்யான் வான் ஸ்டாம் என்ற டச்சுப் பொறியாளரும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து 2000களின் நடுவிலேயே அங்கே செயற்கைக்கோள் இணையத்தைப் பரப்பினார்கள். லிங்க்நெட் என்று பெயர். நான் போனது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, வேறொரு சிறு சுகாதார மையத்துக்கு. இணையத்துக்கும் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் சோலார் அமைக்கும் வேலை.

கோயம்புத்தூரில் 6 வருடம் பலகை மாட்டிய கை. பலகை என்றால் தெற்கு பார்க்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது. டிசம்பரில் போய், தெற்கு பார்த்துச் சாய்த்து மாட்டி, அளந்து பார்த்தேன். பிரமாதமாக வேலை செய்தது. செய்யாமல் என்ன? அந்த ஊர் பூமத்தியரேகைக்குத் தெற்கே 16 பாகையில் இருக்கிறது. டிசம்பரை ஒட்டிய சில மாதங்கள் மட்டும் சூரியன் உச்சிக்குச் சற்றுத் தெற்கே போகும். மற்றபடி வருடத்தில் பெரும்பகுதி வடக்கு வானத்தில்தான் நடமாடும். ஜூன் வந்தது. மேகமே இல்லாத குளிர்காலம், பளீர் வெயில், ஆனால் பேட்டரி பாதிகூட நிறையவில்லை. தலைநகர் லுசாகாவில் உட்கார்ந்துகொண்டு நான் பேட்டரியைச் சந்தேகித்தேன், கம்பியைச் சந்தேகித்தேன், கன்ட்ரோலரைச் சந்தேகித்தேன். என்னைத் தவிர எல்லாவற்றையும்.

நேரில் போனபோது மையத்தைப் பெருக்கும் அம்மா ஒருவர் நிலக்கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார், கட்டிடத்தின் வடக்குப் பக்கத்தில். ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டேன். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் நிழல்தானே என்று என் பலகைகள் பார்த்துக்கொண்டிருந்த திசையைக் காட்டினார். சட்டத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட ஒரு மதியம் ஆயிற்று. அவர் கடலைப் பாயை நகர்த்திக்கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

கரைமணல்:

பாலைக்காற்று அண்ணா, உங்கள் மைகாடி கதையை வாசித்ததும் மன்கோசி நினைவுக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணக் கடற்கரையோரக் கிராமங்கள். படிக்கும் காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஊர் மக்களும் 2012இல் தொடங்கிய வேலை அது. வீட்டுக் கூரைகளில் வயர்லெஸ் பெட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போகும் இணைப்பு, எல்லாம் சோலாரில் ஓடுபவை. 2014இல் அதைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள். பெயர் சென்செலெனி. இசிக்கோசா மொழியில் 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று பொருள்.

சங்கத்துக்கு முதலில் வருமானம் வந்தது போன் அழைப்பில் இல்லை, சார்ஜ் போடுவதில்! வயர்லெஸ் பெட்டிக்காக வைத்த பேட்டரியிலிருந்தே அக்கம்பக்கத்தாரின் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக் கட்டணம் வாங்கினார்கள். நைஜீரியாவில் நீங்கள் அறிக்கையில் எழுதாமல் விட்டதை இவர்கள் சங்கத்தின் தொழிலாகவே வைத்துக்கொண்டார்கள். எந்தக் கூரையில் பெட்டி வைப்பது என்பதை உள்ளூர்க்காரர்களே கூடிப் பேசினார்கள். நான் பார்த்த வீட்டில் ஒரு பாட்டிதான் பொறுப்பு. மேசைமேல் கோடு போட்ட நோட்டுப் புத்தகம். யார் போன், எத்தனை மணிக்கு வந்தது, காசு கொடுத்தாரா என்று பென்சிலில் எழுதி வைப்பார். பாக்கி வைத்தவரின் போனை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

செம்பருந்து:

நான் கென்யாவில் இருந்தபோது பலூன் இணையம் வந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லூன் என்ற கூகுள் குடும்ப நிறுவனமும் டெல்காம் கென்யாவும் சேர்ந்து 2020 ஜூலையில் தொடங்கின. 20 கிலோமீட்டர் உயரத்தில் பலூன், அதன் அடியில் சோலார் பலகை, பகலில் ஏற்றிய பேட்டரியில் இரவு ஓட்டம். 2021 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம், ஒன்றும் கண்ணில் படவில்லை. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அத்தனை உயரத்தில் இருப்பதைத் துடைக்க எந்த மைகாடி ஏறுவார்?

நிலத்தில் நின்றது வேறு. நன்யூக்கிப் பக்கம் மவிங்கு என்ற நிறுவனம் 2013 முதல் சோலாரில் ஓடும் இணைய நிலையங்களை வைத்தது. சுவாஹிலியில் மவிங்கு என்றால் மேகங்கள். சோலார்காரர்கள் மேகத்தைப் பேராக வைத்துக்கொண்டார்களே என்று ஒரு கடைக்காரரிடம் சிரித்தேன். "பேரில் மட்டும்தான்" என்றார் அவர். நன்யூக்கியில் பூமத்தியரேகை ஊரை ஒட்டியே போகிறது. வடக்கு நோக்கி அண்ணன் அங்கே போயிருந்தால் எந்தப் பக்கம் மாட்டினாலும் தப்பித்திருப்பார்.

புதிய உறுப்பினர்:

எனக்கு ஒரு சந்தேகம். இப்போது தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் இணையம் ஒவ்வொரு நாடாக வருகிறதே, இந்தக் கம்பமும் பெட்டியும் இனி எதற்கு? நைஜீரியாவிலேயே 2023 ஜனவரியில் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது.

பாலைக்காற்று:

வேகம் அருமைதான் தம்பி. 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளில் "ஹலோ" என்றால் மறுமுனையின் "ஹலோ" வர அரை நொடிக்கு மேல் ஆகும், இருவரும் ஒரே நேரத்தில் பேசி ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். அந்தத் தொல்லை ஸ்டார்லிங்கில் இல்லை. ஆனால் அந்த டிஷ் ஒன்றே 50 முதல் 75 வாட் வரை கேட்கிறது, ஒரு வளாகத்துக்கு மட்டும். ஏறக்குறைய அதே மின்சாரத்தில் என் கம்பம் ஊருக்கே பேச்சு கொடுத்தது, அதுவும் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்த பட்டன் போனில். டேட்டா தராது என்பது உண்மை. பள்ளிக்கூடம், மருத்துவமனை என்றால் நானும் டிஷ்தான் சொல்வேன். எது வந்தாலும் முதல் இரவே சார்ஜ் போட ஆள் வருவார்கள், அதற்கு இரண்டு பலகைகளைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

கரைமணல்:

அண்ணா, அந்தச் செத்த நான்காவது பேட்டரியை என்ன செய்தீர்கள்?

பாலைக்காற்று:

ஈயம் இருப்பதால் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. கொண்டுவரத்தான் போனேன். கம்பத்தடியில் ஒரு வேப்பமரம் உண்டு. வேம்பு நம் பக்கமிருந்துதான் அங்கே போனது, அங்கே ஹவுசா மொழி பேசுகிறவர்கள் அதை 'டோகோன் யாரோ' என்பார்கள். அந்த நிழலில் பேட்டரியைப் போட்டு, மேலே ஆட்டுத்தோல் விரித்து, சார்ஜ் ஏறும்வரை காத்திருக்கிறவர்கள் உட்கார இருக்கையாக்கி வைத்திருந்தார் மைகாடி. நான் போனபோது ஒரு பெரியவர் அதில் அமர்ந்திருந்தார். அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அடுத்த நடையில் ஒரு மர ஸ்டூல் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத்தான் பேட்டரியை வண்டியில் ஏற்றினேன். ஆட்டுத்தோலை ஸ்டூலுக்கு மாற்றிவிட்டார்.