ஒளிமறைப்பா, இடைமறைப்பா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஒரு வான்பொருள் குறுக்கே வந்து இன்னொன்றை நம் பார்வையிலிருந்து மறைப்பதுதான் அக்கல்டேஷன் (occultation). அதற்கு 'இடைமறைப்பு' என்ற சொல்லை நான் முன்வைத்ததற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> அக்கல்டேஷனுக்கு 'ஒளிமறைப்பு' ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா கேட்பது நியாயம்தான். காவலூர் வானாய்வகத்தை மட்டும் மனத்தில் வைத்தால் அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போவதைப் பதிவுசெய்ய, காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையில், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், 1 மீட்டர் தொலைநோக்கி காத்திருந்தது. கோள் வந்து சேரும் முன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கித் திரும்பியது. வேறு இடங்களிலும் இப்படி மங்கியது பதிவாகி, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தது. நம் மலையில் நடந்த இந்த வேலை நம் மாணவர்கள் பலருக்கே தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் ஊட்டிக்குப் போனால் 'ஒளி' இடிக்கிறது. முத்தோரையில் மலைச்சரிவோடு சாய்ந்திருக்கும் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி வாங்குவது ரேடியோ அலைகளை. ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970இல் அதை இயக்கத்துக்குக் கொண்டுவந்ததன் முதன்மை நோக்கமே, நிலா மறைக்கும் ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலைகளை வெளியிடும் வான்பொருள்களை, ஆராய்வதுதான். நிலாவின் விளிம்பு மூலத்தை மறைக்கும்போது சிக்னல் பட்டென்று அறுந்துவிடாது. ஏறி இறங்கி, அப்புறம்தான் அடங்கும். மூலம் சிறியதாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். பரந்து கிடந்தால் மழுங்கிவிடும். அதை வைத்தே மூலத்தின் அளவைக் கணக்கிடுவார்கள். நிலா எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும் என்பதால் மூலத்தின் இடமும் பிடிபட்டுவிடும். இதை எப்படி ஒளிமறைப்பு என்று எழுதுவது?

1965இல் நாசாவின் மாரினர் 4 விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் போனபோதும் இதே கதைதான். அதன் ரேடியோ சிக்னல் செவ்வாயின் காற்று வழியே வந்த விதத்தைப் பார்த்துத்தான் அங்கே காற்று எவ்வளவு மெல்லியது என்று அறிந்தார்கள்.

ஆகவே 'இடைமறைப்பு' என்கிறேன். ஒன்று இடையில் வந்து இன்னொன்றை மறைக்கிறது. மறைவது ஒளியா ரேடியோவா என்ற கேள்வியே எழாது.

> 'இடைமறிப்பு' என்று படித்துவிட மாட்டார்களா?

அந்த இடர் உண்டு, அம்மா. ஆனாலும் வாக்கியத்தில் வரும்போது குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

மறைவு தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் சொற்கள் வேண்டும். பஞ்சாங்கத்தில் ஸ்பரிசம், மோட்சம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் வீட்டில், தெருவில் நாம் எப்படிச் சொல்கிறோம்? "கிரகணம் எப்ப பிடிக்குது, எப்ப விடுது?" இதைவிடத் தெளிவான வினை எங்கே கிடைக்கும்? 'பிடிநேரம்', 'விடுநேரம்' என்றே வைத்துக்கொள்ளலாம். யுரேனஸின் பிடிநேரத்துக்கு முன்பும் விடுநேரத்துக்குப் பின்பும் ஒளி மங்கியது என்று எழுதிப் பார்த்தேன், விளக்கமே தேவைப்படவில்லை.

சரி, ஒரு சந்தேகம் பாக்கி. சொல்லுக்கு முன்னால் வரவேண்டியது மறைக்கும் பொருளா, மறைபடும் பொருளா? நான் மறைக்கும் பொருளை வைத்து நிலா இடைமறைப்பு, யுரேனஸ் இடைமறைப்பு என்று எழுதியிருக்கிறேன். முதுகலை மாணவர்களுக்கான குறிப்பு அச்சுக்குப் போகும் முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வேலூரிலிருந்து,
அன்புடன்