39 வயதுக்கு மேல் வானொலிக்குள் போனது எப்படி: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

கீழமாசி வீதியில் ஒரு வத்தல் மண்டியில் 14 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். காலையில் சரக்கு இறங்கியதும் திண்டுக்கல், கம்பம், விருதுநகர் கடைக்காரர்களுக்கு ஃபோன் போட்டு அன்றைய விலையைச் சொல்வதும் என் பொறுப்புதான். வானொலி ஆசை அதற்கும் முந்தியது. பழங்காநத்தம் வீட்டில் அப்பா கோடைப் பண்பலை 100.5 வைத்தால் படுக்கப் போகும்வரை அணைக்க மாட்டார். கோபுரம் கொடைக்கானல் மலைமேல் நிற்பதால் மதுரையில் அத்தனை தெளிவாகக் கேட்கும். அந்தக் குரல்களோடுதான் வளர்ந்தேன். கல்யாணம், பிள்ளைகள் என்று ஆசை உள்ளேயே கிடந்தது. சின்னவள் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் எனக்கு 39.

முதலில் ஒரு தனியார் பண்பலைக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பையன் வயதைக் கேட்டான். "நாங்க சின்ன வயசுக்காரங்களாத்தான் எடுக்கிறோம்க்கா" என்றான். என் குரலை யாருமே கேட்கவில்லை. அது இன்றைக்கும் வலிக்கிறது.

கதவு திறந்தது ஒரு சமுதாய வானொலியில். 100 வாட்ஸ் ஒலிபரப்பிதான், சுற்றி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் கேட்காது. ஆனால் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அங்கே ஆள் தேவை எப்போதும் உண்டு, வயதை யாரும் கேட்பதில்லை. சம்பளமும் இல்லை.

மூன்று மாதம் என்னை மைக் முன்னால் உட்கார வைக்கவே இல்லை. ரெக்கார்டரைக் கையில் கொடுத்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். பூக்கட்டும் ஒரு அம்மாவிடம் பேசி, பதிவைப் பெருமையாகக் கொண்டுவந்தேன். போட்டுக் கேட்டால் அவர் பேசும் இடமெல்லாம் என்னுடைய "ம்... ம்... ஆமாம்மா". ஒன்றையும் வெட்டி எடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து எதிராளி பேசும்போது தலையை மட்டும் ஆட்டுவேன். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் அரை நிமிஷம் தனியாகப் பதிவு செய்து கொள்ளவும் அங்கேதான் கற்றேன். வெட்டி ஒட்டும் இடத்தில் அந்தச் சத்தத்தை அடியில் ஓடவிட்டால் ஒட்டு தெரியாது.

அப்புறம் ஆகாசவாணியில் கேஷுவல் அறிவிப்பாளர், அதாவது நிரந்தர வேலையில்லாமல் தேவைப்படும் நாளில் மட்டும் கூப்பிடும் அறிவிப்பாளர், தேர்வு. நான் பார்த்த அறிவிப்பில் வயது 20 முதல் 50 வரை என்றிருந்ததைப் படித்தபோது உட்கார்ந்து அழுதுவிட்டேன். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, நேர்காணல் என்று மூன்று படி. எழுத்தில் தேறினேன், குரலில் போய்விட்டது. "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல்" என்று ழகரம் பழகியதெல்லாம் சரியாகத்தான் வந்தது. தப்பு வேறு இடத்தில். வீட்டில் நான் பதிவு செய்து வைத்திருந்ததை சமுதாய வானொலியில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்.

"ஏத்தா, இது யாரு குரலு? மண்டியில வெலை சொல்லும்போது இப்படியா இழுத்து இழுத்துச் சொல்லுவ?"

சின்ன வயதில் கேட்ட அறிவிப்பாளர்களின் குரலைப் போட்டுக்கொண்டு வாசித்திருக்கிறேன். மண்டியில் அப்படிச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் விலையைக் குறித்துக்கொள்ள முடியாது. எண்ணுக்கு முன்னால் ஒரு மூச்சு நிற்கணும், எண்ணைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும், கிலோவா குவிண்டாலா என்பதை விழுங்கிவிடக் கூடாது. இத்தனை வருஷம் தினமும் செய்ததை மைக் முன்னால் மறந்திருக்கிறேன்.

அடுத்த அறிவிப்பு வந்தபோது வயது 41. வாசிக்கக் கொடுத்த தாளில் அணை நீர்மட்டம் இருந்தது. வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி, அன்றைய மட்டம் இவ்வளவு, வரத்து இத்தனை கன அடி. சோழவந்தானில் ஒரு விவசாயி பேனாவோடு உட்கார்ந்து கேட்பதாக நினைத்து வாசித்தேன். தேர்வானேன்.

அதன்பின் கட்டணம் கட்டி, தேர்வான அறிவிப்பாளர்களுக்கு ஆகாசவாணி நடத்தும் வாணி சான்றிதழ்ப் பயிற்சி. பணி மாதத்துக்கு 6 நாளைக்கு மேல் கிடையாது. ஆகவே மண்டி வேலையை விடவில்லை, நீங்களும் இருக்கிற வேலையை விடாதீர்கள். சொக்கிகுளம் நிலையத்துக்கு முதல் நாள் விடியுமுன் போனேன். முதல் அறிவிப்பு முடிந்ததும் பாட்டு வர வேண்டிய ஃபேடரை (ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுபொத்தான்) விட்டுப் பக்கத்து ஃபேடரை ஏற்றிவிட்டேன். நாலு வினாடி மௌனம். கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது. இப்போது அடுத்த பாட்டு எந்த ஃபேடரில் என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

மறுமொழி, திருமங்கலத்திலிருந்து:

தங்கச்சி, நான் அறிவிப்பாளர் இல்லை, பருத்தி போடுகிற ஆள், வயது 56. பண்ணை நிகழ்ச்சிக்கு விவசாயிகளைப் பேச அழைப்பார்கள். அதுவும் ஒரு வழி என்று இங்கே பலருக்குத் தெரியாது. காய்ப்புழுவை நான் கட்டுப்படுத்திய விதத்தை ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன், ஒரு மாதத்தில் கூப்பிட்டார்கள். தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். நிகழ்ச்சி செய்தவர் பதிவை நிறுத்தி, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அய்யா, பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார். இதுவரை நாலு முறை பேசிவிட்டேன். 'இன்று ஒரு தகவல்' தென்கச்சி சுவாமிநாதன் அய்யாவும் விவசாயம் படித்தவர்தானே. அவர் குரலில் மினுக்கே இருக்காது. அதனால்தான் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

மறுமொழி, பெத்தானியாபுரத்திலிருந்து:

அக்கா, ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்லுகிறவன் நான். ஆர்ஜே பயிற்சி, முடித்ததும் வேலை உறுதி என்று ஒரு இடத்தில் சொன்னதை நம்பி, வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். இரண்டு மாதம் நடத்தினார்கள். நிஜமான ஸ்டுடியோவுக்கு ஒருநாள்கூடக் கூட்டிப் போகவில்லை. வேலையும் இல்லை, பணமும் திரும்பவில்லை. எனக்கு 33 ஆகிறது. இனி எங்கே தொடங்குவது?

என் பதில்:

தம்பி, பணம் கட்டினால் வேலை என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. வாணி பயிற்சிக்கு நானும் கட்டினேன், ஆனால் தேர்வான பிறகு. சனிக்கிழமை மதியம் சும்மா இருந்தால் சமுதாய வானொலிக்கு வா, அந்த அக்காவிடம் சொல்லி வைக்கிறேன். வரும்போது நீ ஆட்டோவில் சொல்லும் விளம்பரம் ஒன்றை, வண்டிச் சத்தத்தோடே, ஃபோனில் பதிவு செய்து கொண்டு வா. புதிதாக எதையும் தயார் செய்யாதே.