‘பெரிய வீடு’ குழு: சின்னவனுக்கு ஒரு தோல் ஜாக்கெட்

வியாழன்

அம்மா: வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் சின்னவனுக்கு 22ஆம் தேதி இரவு டிக்கெட் உறுதியாகிவிட்டது. எல்லோருடைய ஆசீர்வாதமும் வேண்டும் 🙏

அத்தை: நல்லபடியாகப் போய் வரட்டும் தங்கம்

பெரியப்பா: நேர் விமானமா, இடையில் இறங்க வேண்டுமா?

பெரியம்மா: அந்தப் பெரிய நீலப் பெட்டி யாரிடம் இருக்கிறது?

அம்மா: பெட்டியைப் பிறகு பார்ப்போம் அக்கா. முதலில் குளிருக்கு ஜாக்கெட். தோல் ஜாக்கெட்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஃபீஸ் கட்டியே கை காலி. அதிக விலைக்குப் போக முடியாது.

சின்னவன்: நான் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 70% தள்ளுபடி. இன்று இரவு வரைதான்

சின்னவன்: (படம்)

சித்தப்பா: வாங்காதே.

சின்னவன்: ஏன் சித்தப்பா? ‘ஜெனுயின் லெதர்’ என்றே போட்டிருக்கிறது

சித்தப்பா: இரு. டைப் செய்கிறேன்.

பெரியப்பா: சரி, இனி நாம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

சித்தப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார். இடது மார்பிலும் வலது மார்பிலும் புள்ளிகள் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில் இருக்கின்றன. மாட்டின் மேல் முள் கீறினால் இரண்டு பக்கமும் ஒரே இடத்திலா கீறும்? அது ரோலர் வைத்து அழுத்திய டிசைன். ‘ஜெனுயின் லெதர்’ என்றால் தோல் இருக்கிறது என்பது மட்டும்தான். எந்த அடுக்கு, எந்தத் தரம் என்று அந்த இரண்டு சொல் சொல்லாது. தோலின் மேல் அடுக்கை அப்படியே விட்டால் ஃபுல் கிரெய்ன். தழும்பு தெரியாமல் லேசாகத் தேய்த்துச் சீராக்கினால் டாப் கிரெய்ன். அடி அடுக்கைத் தனியாகப் பிரித்து எடுத்தால் ஸ்பிலிட், அதற்கு மேலே பூச்சு அடித்துத்தான் தோல் முகம் கொண்டு வருவார்கள். ‘பாண்டட்’ என்று போட்டிருந்தால் தொடாதே. வெட்டி மிஞ்சிய துணுக்குகளை அரைத்துப் பசை கலந்து ஷீட்டாக்கியது அது. இரண்டு மூன்று வருஷத்தில் முழங்கை மடிப்பில் செதில் செதிலாக உதிரும்.

அத்தை: எங்கள் வீட்டு சோபா மாதிரி

சித்தப்பா: அதேதான். அன்றைக்கே சொன்னேன்.

அத்தை: சொன்னாய் அண்ணா. வாங்கிய பிறகு சொன்னாய்.

சின்னவன்: அப்படியென்றால் பி.யூ. லெதர்?

சித்தப்பா: துணி மேல் பாலியூரித்தேன் பூசியது. நம் ரெக்சினுக்குத் தம்பி. குறைந்த விலைக்கு, ஒன்றிரண்டு வருஷம் போடப் போகிறேன் என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. ஆனால் ஈரக் காற்று பட்டால் அலமாரியில் சும்மா தொங்கினாலும் அது மெதுவாக உரியத் தொடங்கும். தோல் விலை கொடுத்து அதை வாங்குவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ‘வீகன் லெதர்’ என்று அழகாகப் போட்டிருப்பதிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

பைக் அண்ணன்: என்னுடைய ரைடிங் ஜாக்கெட்டைத் தருகிறேன். ஓட்டமில்லாமல் கிடக்கிறது

சின்னவன்: நிஜமாகவா அண்ணா??

அம்மா: எடை எவ்வளவு?

பைக் அண்ணன்: மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும்

அம்மா: வேண்டாம்பா. புத்தகம் எதில் வைப்பான்?

பைக் அண்ணன்: ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடையில் ஸ்டைலுக்கு விற்கிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அங்கே யார் வண்டியிலும் ஏறி ஓட்டாதே. ரைடிங்குக்கு என்று வருவதில் தோள், முழங்கையில் அடி தாங்கும் காப்பு வைத்திருப்பார்கள். ஐரோப்பாவில் இ.என். 17092 என்று சோதனை, ஏஏஏ-விலிருந்து சி வரை தரம் போட்டிருக்கும். மற்றதெல்லாம் ரோட்டில் உரசினால் தையல் பிரிந்துவிடும்.

நான்: அவனுக்கு சைக்கிளே சரியாக வராது அண்ணா, கவலைப்படாதே

சின்னவன்: அக்கா!

அம்மா: தம்பி, இதையெல்லாம் விடுங்கள். தோல் ஜாக்கெட் குளிர் தாங்குமா, தாங்காதா?

சித்தப்பா: நல்ல கேள்வி அண்ணி. தோல் காற்றைத் தடுக்கும். சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே போடுகிற கம்பளிதான். மெல்லிய லைனிங் வைத்த ஜாக்கெட்டை பனியன் மேல் போட்டுக்கொண்டு பனியில் நின்றால் நடுங்குவான். அதனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். கடும் பனிக்கு வேறு தடித்த கோட்டு வேண்டும், அதை அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும். இது இலையுதிர் காலத்துக்கும் வசந்தத்துக்கும்.

அப்பா: சரி

பெரியப்பா: நம் அப்பாவின் கறுப்பு ஜாக்கெட் வீட்டில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: ஏன் நீக்குகிறாய்? சும்மா சொல். லைனிங் மாற்றித் தருகிறேன் என்று உன் தோல் யூனிட்டுக்கு எடுத்துப் போனது யார்?

சித்தப்பா: மாற்றி, அதே மாதத்தில் உன் கையில் கொடுத்தேன் பெரியண்ணா. வராந்தாவில் நின்று போட்டுப் பார்த்தாய். அண்ணிக்கும் தெரியும்.

பெரியம்மா: என்னை இழுக்காதீர்கள். நீலப் பெட்டி பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

பெரியப்பா: இருபது வருஷமாக இதையே சொல்கிறான்.

அப்பா: விடுங்கள் இரண்டு பேரும்

நான்: சித்தப்பா, அவன் சனிக்கிழமை நேரில் கடைக்குப் போகிறானாம். கையில் வைத்து என்ன பார்க்க வேண்டும்? சுருக்கமாக.

சித்தப்பா: சுருக்கமாகவே சொல்கிறேன்.

சித்தப்பா: விலை குறைவதற்கு நல்ல காரணமும் உண்டு, கெட்ட காரணமும் உண்டு. எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். நல்ல காரணம் எது? போன சீசன் டிசைன். குளிர்காலம் முடிகிற நேரம். தோலில் இயற்கையான தழும்பு. முதுகு ஒரே துண்டாக இல்லாமல் மூன்று நான்கு துண்டாக வெட்டித் தைத்தது; பெரிய துண்டு எடுக்க வேண்டுமென்றால் பெரிய, தழும்பில்லாத தோல் வேண்டும், அதற்குத்தான் விலை. துண்டு போட்டதால் நீடித்து உழைப்பது குறையாது. இதையெல்லாம் தைரியமாக வாங்கு. கெட்ட காரணம்: ஜிப் மட்டம், தையல் மட்டம், தோலே இல்லை.

சித்தப்பா: உள் பையின் ஓரத்தைத் திருப்பிப் பார். வெட்டு விளிம்பு எங்காவது தெரியும். தோல் என்றால் அடிப்பக்கம் பஞ்சு மாதிரி நார் நாராக இருக்கும். நெசவுத் துணி தெரிந்தால் வைத்துவிட்டு வா. விரலால் அழுத்து: நல்ல தோல் சுற்றிலும் மெல்லிய சுருக்கம் விட்டு, விரலை எடுத்ததும் மீளும். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று உள் தையலில் தேடு.

சின்னவன்: ஒரு வீடியோவில் தீக்குச்சி வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்

அம்மா: கடையிலா????

சித்தப்பா: அதைச் செய்தால் அந்த ஜாக்கெட்டை நீ வாங்கித்தான் ஆக வேண்டும். தோல் எரிந்தால் முடி கருகிய வாசனை வரும் என்பது உண்மை. ஆனால் நல்ல தோலின் மேலும் பூச்சு இருக்கும், அது உருகினால் பிளாஸ்டிக் என்று ஏமாறுவாய். தண்ணீர் சொட்டு விட்டுப் பார்ப்பதும் அப்படித்தான், பூச்சு இருந்தால் தண்ணீர் உருண்டு ஓடிவிடும்.

பைக் அண்ணன்: எந்தத் தோல் வாங்க?

சித்தப்பா: அவனுக்கு வெள்ளாட்டுத் தோல். எடை குறைவு, சட்டென்று கிழியாது, மேலே சின்னச் சின்ன மணி மாதிரி இருக்கும். செம்மறித் தோல் கன்னம் மாதிரி மிருது, போட்டால் கழற்ற மனம் வராது, ஆனால் பையின் கொக்கி மாட்டினால் கிழிந்துவிடும். பஸ்ஸில் தோளில் பை மாட்டிப் போகிறவனுக்கு ஆகாது. மாட்டுத் தோல் உழைக்கும், முதல் வருஷம் பலகை மாதிரி நிற்கும். எருமை இன்னும் முரடு.

சித்தப்பா: அளவு விஷயத்தில் தோள் மட்டும் விட்டுக்கொடுக்காதே. தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் உட்கார வேண்டும். கை நீளத்தைக் குறைக்கலாம், ஜிப் மாற்றலாம், லைனிங் மாற்றலாம். தோளைப் பிரித்துத் தைப்பது புது ஜாக்கெட் தைப்பதற்குச் சமம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை துணி மாதிரி மூடாது, அப்படியே இருக்கும். ஜிப்பைப் பூட்டிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கட்டிக்கொள்; முதுகு இழுத்தால் ஒரு அளவு பெரியது கேள். ஜிப்பில் ஒய்.கே.கே. என்று ஜப்பான் கம்பெனியின் பெயர் இருந்தால் நல்லது. எதுவாக இருந்தாலும் பத்துத் தடவை ஏற்றி இறக்கு.

சின்னவன்: பழையது வாங்கலாமா? போட்டதை விற்கிறார்களே

சித்தப்பா: குறைந்த காசில் உண்மையான தோல் வேண்டுமென்றால் அதுதான் என் முதல் யோசனை. அக்குள், காலர் இரண்டையும் முகர்ந்து பார். முழங்கையை மடக்கு. மெல்லிய கோடு பரவாயில்லை. கோடு பிளந்து உள்ளே நார் தெரிந்தால் அந்தத் தோல் காய்ந்து செத்துவிட்டது, எந்த எண்ணெயும் திருப்பிக் கொண்டு வராது.

பெரியப்பா: இதுதான் சுருக்கமா தம்பி?

நான்: பெரியப்பா, எனக்கு உபயோகமாக இருந்தது 🙂

அத்தை: (குரல் பதிவு, 0:04)

அத்தை: (குரல் பதிவு, 1:52)

அம்மா: கூட்டத்தில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. என்ன சொல்கிறாய்?

பெரியம்மா: ஐயோ. எல்லோரும் கேளுங்கள்.

பைக் அண்ணன்: அத்தை!!

நான்: அம்மா, தாத்தாவின் ஜாக்கெட் அத்தையிடம்தான் இருக்கிறதாம். தாத்தா போன பதினாறாவது நாள் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாராம். அதில் தாத்தா வாசனை இருந்ததாம். கேட்டால் கொடுக்க வேண்டி வருமே என்று சொல்லவில்லையாம்.

அத்தை: இரண்டு அண்ணனும் என்னை மன்னித்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைப்பேன், நீங்கள் சண்டையை ஆரம்பித்துவிடுவீர்கள்.

பெரியப்பா: பைத்தியக்காரி. எடுத்துக்கொண்டாய் என்றால் எடுத்துக்கொண்டாய். இதற்கு மன்னிப்பா?

சித்தப்பா: பெரியண்ணா, நான் கொடுத்தேன் என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறாயா

பெரியப்பா: நாளைக்குப் பேசலாம்.

வெள்ளி

சித்தப்பா: அதைக் கொஞ்சம் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடு. காலர், அக்குள், ஜிப், முழங்கை, உள் பை. ஒவ்வொன்றாக.

அத்தை: (5 படங்கள்)

அத்தை: காலரில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. தண்ணீரில் அலசட்டுமா?

சித்தப்பா: வேண்டாம்!!! தண்ணீரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். முடி உலர்த்துகிற மெஷினைத் தூரத்தில் பிடித்து லேசாகச் சூடு காட்டு. வெள்ளை உருகி மறைந்தால் தோலுக்குள் இருந்த கொழுப்பு மேலே வந்தது, பயமில்லை. மறையாமல் பஞ்சு மாதிரி நின்றால் பூஞ்சை. அப்படியென்றால் வெளியே கொண்டு போய் மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, ஈரத் துணியால் துடைத்து, காற்றோட்டமான நிழலில் அகலமான ஹேங்கரில் மாட்டு. எதில் வைத்திருந்தாய்?

அத்தை: பிளாஸ்டிக் கவரில். தூசி படக் கூடாது என்று

சித்தப்பா: தோல் மூச்சுவிட வேண்டும் அம்மா. பழைய பருத்தித் தலையணை உறை போதும்.

அத்தை: மறைந்துவிட்டது அண்ணா! காட்டியதும் கறுப்பாகிவிட்டது

சித்தப்பா: நல்லது. வெள்ளாட்டுத் தோல்தான். விமானி மாடல். 1931இல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவுக்கு ஏ-2 என்று வந்ததன் சாயல், மணிக்கட்டிலும் இடுப்பிலும் பின்னல் பட்டை. அசல் பெரும்பாலும் குதிரைத் தோலில் வந்தது. முழங்கையில் பிளவே இல்லை. இடது மணிக்கட்டுப் பட்டையைப் பூச்சி தின்றிருக்கிறது, ஜிப்பில் கீழே இரண்டு பல் போயிருக்கிறது. இரண்டும் மாற்றக்கூடியது. அக்குளில் பிரிந்திருப்பது நான் போட்ட லைனிங்.

பெரியப்பா: நீ போட்டதுதான் பிரிந்ததா?

சித்தப்பா: இருபது வருஷம் ஆகிறது பெரியண்ணா.

பைக் அண்ணன்: எனக்கு 1928 மாடல்தான் பிடிக்கும், ஷாட் போட்ட பெர்ஃபெக்டோ. ஜிப் சாய்வாக வரும், குனிந்து ஓட்டும்போது வயிற்றில் குத்தாது

சின்னவன்: அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். போட்டுப் பார்த்தேன்

சின்னவன்: (படம்)

அம்மா: அப்படியே மாமா மாதிரி இருக்கிறான்

பெரியம்மா: நிற்கிற நிலையும் அதேதான். இடது தோள் கொஞ்சம் இறங்கி.

அப்பா: அப்பா

நான்: அப்பா, என்ன?

அப்பா: ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறது

சித்தப்பா: தோள் தையல் எலும்பைத் தாண்டி ஒரு விரல் வெளியே நிற்கிறது. ஸ்வெட்டர் போட்டால் சரியாகிவிடும். கை நீட்டிப் பார்த்தாயா?

சின்னவன்: பார்த்தேன். முதுகு இழுக்கவில்லை. உள் பையில் ஒரு பேருந்து டிக்கெட் இருந்தது, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. பையின் ஓரத்தில் நீல மையில் தாத்தா தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்

அத்தை: டிக்கெட்டை என்னிடம் கொடுத்துவிடு. அண்ணா, லைனிங்கை மாற்றினால் அந்தப் பை போய்விடுமா?

சித்தப்பா: பையை அப்படியே பிரித்தெடுத்துப் புது லைனிங்கில் வைத்துத் தைக்கலாம். நானே தைக்கிறேன், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன்.

அம்மா: 22க்குள் முடியுமா தம்பி?

சித்தப்பா: ஜிப்பும் பட்டையும் கிடைத்தால் முடியும். ஞாயிறு கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சின்னவன்: அப்போது நாளைக்குக் கடைக்குப் போகவா வேண்டாமா? எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் தினமும் போட்டுத் தேய்க்கத் தைரியம் வரவில்லை

பெரியப்பா: போய்ப் பார்த்துவிட்டு வா. பார்ப்பதற்குக் காசா? நல்லதாக அமைந்தால் அதற்கு நான் தருகிறேன்.

அம்மா: ஐயோ வேண்டாம்

பெரியப்பா: நான் சின்னவனோடு பேசுகிறேன்.

அத்தை: ஞாயிறு எல்லோரும் இங்கே வாருங்கள். சின்னண்ணா, நீ உன் ஊசிப் பெட்டியோடு வா.

அப்பா: சரி

பெரியம்மா: வரும்போது நீலப் பெட்டியையும் யாராவது எடுத்து வாருங்கள்.

பைக் அண்ணன்: அம்மா, அது நம் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்